மழை அளக்க ஆள் சேர்ப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

மழைமானி வாங்குவது ஒரு நாள் வேலை. தினமும் காலையில் அதை எட்டிப் பார்த்து எழுதிவைக்கிற ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கொட்டித் தீர்த்த நாளில் ஆர்வமாகப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள். வானம் வெளுத்துக் கிடக்கிற நாளிலும் மறக்காமல் 0.0 என்று அனுப்புகிறவர்தான் அரிது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் வகை ஆளைத் தேடிப் பிடிப்பது, பழக்குவது, விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றியது.

எதற்கு, எத்தனை பேர்

இடிமழை பெய்யும் மேகத் திரள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலந்தான் இருக்கும். அரசு மழைமானி 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த மழை அதன் கணக்கிலேயே வராமல் போகலாம். ரேடாரும் செயற்கைக்கோளும் மழையை மதிப்பிடுகின்றனவே தவிர, தரையில் விழுந்த நீரை அளப்பதில்லை. அந்த மதிப்பீட்டைத் திருத்தவும் தரையில் அளந்த எண்தான் வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று நடந்தது இதற்குச் சரியான உதாரணம். நகரின் ஒரு பகுதியில் சில மணி நேரத்தில் ஓர் அடிக்கும் மேல், அதாவது 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதே நகரின் வேறு பகுதிகளில் பெய்தது சாதாரண மழை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகத்தின் காலநிலை மையம் பொதுமக்களைக் கொண்டு மழை அளக்கத் தொடங்கியது. அதுதான் இன்று கோகோராஸ் என்ற பெயரில் நாடு முழுவதும் பரவியிருக்கும் வலையமைப்பு. இந்த யோசனைக்கு அதைவிடவும் வயது அதிகம். பிரிட்டனில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் 1860-இல் 168 இடங்களின் அளவுகளைத் திரட்டி வெளியிட்டார். 1900-இல் அவர் இறந்தபோது அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அத்தனையும் கடிதப் போக்குவரத்திலேயே நடந்தது.

முதல் வேலையாக, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். 'இந்த ஓடையில் தண்ணீர் ஏறுவதற்கு முன் மேற்பகுதியில் எவ்வளவு பெய்தது?' என்பது ஒரு கேள்வி. 'ஆண்டு மழையில் எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு பங்கு?' என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நேரமும் வேகமும் முக்கியம். இரண்டாவதற்கு விடுபடாத தொடர்ச்சி முக்கியம். சேர்க்க வேண்டிய ஆள் இதைப் பொறுத்து மாறுவார்.

எண்ணிக்கைக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அடர்த்தி, மலைப் பகுதியில் 250 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி, உள்நாட்டுச் சமவெளியில் 575 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. நகரத்தில் 10 முதல் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி. இது ஒரு நாட்டுக்கான கணக்கு. ஓர் ஊரின் இடிமழையைப் பிடிக்க வேண்டுமென்றால் 4, 5 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு 20 முதல் 25 இடம் வரும். சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் அதற்கு மேல் நான்கில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

வரைபடத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் என்று தேடுங்கள். இதைச் செய்யாமல் 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று பொதுவாக அறிவித்தால், ஒரே தெருவில் ஆறு பேர் வருவார்கள், மழை அதிகம் விழுகிற மேட்டுப் பகுதியில் ஒருவரும் இல்லாமல் போகும். நெருக்கத்தில் ஆறு பேர் இருப்பதிலும் பயன் உண்டு, ஒருவரின் தவறை மற்றவர் காட்டிக்கொடுப்பார். ஆனால் காலிக் கட்டத்தை நிரப்ப அவர்களால் முடியாது.

யாரைக் கேட்பது

வானிலை ஆர்வலர்கள் தாமாகவே வந்து நிற்பார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களை நம்பியே வலையமைப்பைக் கட்டாதீர்கள். அவர்களில் பலருக்கு ஈர்ப்பு புயல்மேல்தான். கோடை நடுவில் காணாமல் போவார்கள். உங்களுக்கு வேண்டியவர் காலையில் வீட்டில் இருப்பவர், ஏற்கெனவே ஏதோ ஒன்றை ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். பால் கணக்கு, கிணற்று நீர்மட்டம், வீட்டுச் செலவு, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட நாள் என்று எதுவாக இருந்தாலும் சரி. விவசாயிகள், தோட்டம் வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், தண்ணீர்த் தொட்டி அல்லது பம்ப் நிலையத்தில் பணிபுரிகிறவர்கள் ஆகியோரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம்.

பள்ளிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளியில் மழைமானி வைப்பது கற்பிக்க நல்லது, தொடர்ச்சிக்கு மோசமானது. வார இறுதி, விடுமுறை, தேர்வு எல்லாம் ஓட்டை விழும் நாட்கள். பொதுவாகக் கனமழைக்கு விடுமுறை விடும் நாளில்தான் அளவு மிகவும் தேவைப்படும், அன்று அங்கே ஆள் இருக்காது. பள்ளியை எடுத்துக்கொண்டால் வளாகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரை மாற்று ஆளாகப் பெயர் சொல்லிக் குறித்துக்கொண்டு எடுங்கள்.

ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை நான்கு. காலையில் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்? இரண்டு வாரம் வெளியூர் போனால் யார் அளப்பார்? திறந்த இடம் இருக்கிறதா? அடுத்த ஓராண்டில் வீடு மாறும் எண்ணம் உண்டா? இரண்டாம் கேள்விக்கு 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இருவராகச் சேர்ந்தால் அந்த இடம் நீடிக்கும்.

கேட்கும் விதம்

சுவரொட்டியும் குழுச் செய்தியும் பெயரைப் பரப்பும், ஆளைக் கொண்டுவராது. காலிக் கட்டத்தில் இருக்கிற ஒருவரை நேரில் பார்த்து, வரைபடத்தை விரித்து, 'இந்தக் கட்டத்தில் யாருமே இல்லை, உங்கள் வீடுதான் நடுவில் இருக்கிறது' என்று காட்டுவதற்கு நிகரான அழைப்பு கிடையாது. பொதுச்சேவை பற்றிய உரையைவிட அது வேலை செய்யும்.

அழைப்பில் மறைக்கக் கூடாதவை: இது தினசரி வேலை; ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்; பணம் கிடையாது; மழைமானி யாருடைய செலவு; எண்கள் யாருக்குப் போகும், எங்கே வெளியிடப்படும். 'மழை பெய்தால் மட்டும் சொன்னால் போதும்' என்று ஆசைகாட்டிச் சேர்த்தால் ஆள் எண்ணிக்கை கூடும், பதிவு குப்பையாகும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

மழைக்காலம் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது தேட ஆரம்பியுங்கள். முதல் நல்ல மழை விழும்போது கையில் மழைமானி இருப்பவர் அந்த அளவை மறக்கவே மாட்டார். அதன்பின் அவரை நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. பருவத்தின் நடுவில் சேர்ந்தவர் ஒரு மாதத்தில் வறண்ட காலத்துக்குள் நுழைந்து சோர்ந்துவிடுவார்.

பதினான்கு நாள் ஒத்திகை

நல்ல மழைமானியை முதல் நாளே கையில் கொடுக்காதீர்கள். நேர்ச்சுவர் உள்ள ஒரு பாட்டிலையோ டப்பாவையோ வைத்து 14 நாள் தினமும் அளவு அனுப்பச் சொல்லுங்கள். மழையே இல்லாத வாரங்களாக இருந்தால் இன்னும் நல்லது. பதினான்கு பூஜ்யங்களில் பன்னிரண்டையாவது நினைவூட்டாமல் அனுப்பியவர் உங்களுக்கான ஆள். ஐந்து அனுப்பியவரை விலக்க வேண்டாம்; பக்கத்துக் கட்டத்துக்காரருக்கு மாற்று ஆளாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யும் மானிக்குச் சில விதிகள். வாயும் உடலும் ஒரே விட்டமாக இருந்தால் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையளவு. குளிர்பான பாட்டிலின் அடிப்பகுதி புடைத்தும் குழிந்தும் இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போட வேண்டும். வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விடும். தினமும் பார்த்து நிரப்பாவிட்டால் அடுத்த மழை குறைவாகத் தெரியும்.

வாய் ஒரு அளவு, உடல் வேறு அளவு என்றால் நீரின் உயரத்தை நம்பாமல் கன அளவை எடுங்கள். மில்லிலிட்டரை 10-ஆல் பெருக்கி, வாயின் பரப்பளவால் (சதுர சென்டிமீட்டரில்) வகுத்தால் மில்லிமீட்டர் வரும். வாயின் விட்டம் 9.5 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 70.9, சேர்ந்த நீர் 142 மில்லிலிட்டர் என்றால் மழை 20.0 மில்லிமீட்டர். அளவுகுழாய் இல்லாதவர் சமையல் தராசில் எடை பார்க்கலாம், ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர். விட்டத்தை மட்டும் கவனமாக அளக்க வேண்டும். 10.2 சென்டிமீட்டர் வாயை 10 என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு மழையும் 4 சதவீதம் கூடுதலாக வரும், அதுவும் எப்போதும் ஒரே திசையில். பிறகு எத்தனை ஆண்டு சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை போகாது.

நிரந்தரக் கருவி

கோகோராஸ் பயன்படுத்தும் நான்கு அங்குல மானி தன்னார்வலருக்கு ஏற்றது. புனலின் வாய்ப் பரப்பைப் போல் பத்தில் ஒரு பங்கு பரப்புள்ள சிறு குழாய் உள்ளே இருக்கிறது. அதனால் 1 மில்லிமீட்டர் மழை 10 மில்லிமீட்டர் உயர நீராகத் தெரியும், ஐந்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தயங்காமல் வாசிக்கலாம். சிறு குழாய் 25.4 மில்லிமீட்டரில் நிரம்பி, மிச்சம் வெளி உருளையில் வழியும்.

வாய் 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானிகள் தனி அளவுகுழாயோடு வரும். 200-க்கு 20 மில்லிலிட்டர் ஒரு மில்லிமீட்டர். 100-க்கு 10 மில்லிலிட்டர். உடைந்த குழாய்க்குப் பதிலாக மற்ற வகையின் குழாயைக் கொடுத்துவிடும் தவறு அடிக்கடி நடக்கும். 100-இன் வாய்க்கு 200-இன் குழாய் போனால் எல்லா மழையும் பாதியாகப் பதிவாகும். மாற்றிப் போனால் இரட்டிப்பாகும். குழாயின்மேல் அழியாத மையில் எண்ணை எழுதிவிடுங்கள். வலையமைப்பு முழுக்க ஒரே வகை மானி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

தோட்டக் கடைகளில் கிடைக்கும் ஒல்லியான குழாய் மானிகள் வேண்டாம். வாய் சின்னது, கோடுகள் நெருக்கம், வெயிலில் எழுத்து அழியும். சாய்வாளி வகைத் தானியங்கி, அதாவது உள்ளே ஒரு சிறு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழ்வதை எண்ணி அளக்கும் மானி, மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்று சொல்ல அருமையான கருவி. மொத்த அளவுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். கடும் மழையில் வாளி கவிழும் இடைவெளியில் விழும் நீர் கணக்கில் வராமல் அளவு குறையும். சிலந்தி வலையோ இலைத்துணுக்கோ புனலை அடைத்தால் கொட்டுகிற மழையிலும் பூஜ்யம் காட்டும், பிறகு மறுநாள் வெயிலில் சொட்டுச் சொட்டாக மழை பெய்ததாகச் சொல்லும். வைத்திருப்பவர் அதைக் கைமானிக்குத் துணையாக வைத்துக்கொள்ளட்டும்.

இடம் பார்ப்பது

இதைத் தொலைபேசியில் முடிக்காதீர்கள், முடிந்தவரை நேரில் போய்ப் பாருங்கள். மரம், சுவர், கூரை எதுவானாலும், மானியின் வாய்க்கு மேல் அதன் உயரம் எவ்வளவோ அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வைப்பது முறை. நான்கு மடங்கு கிடைத்தால் உத்தமம். நெருக்கமான குடியிருப்பில் இது கிடைக்காது. அங்கே குறைந்தபட்சம் உயரத்துக்குச் சமமான தூரமாவது வேண்டும், அதாவது வாயின் மட்டத்திலிருந்து பார்த்தால் தடை 45 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, குறையைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அதே சமயம், முற்றிலும் வெட்டவெளியும் நல்லதல்ல. மானியின் வாய்மேல் காற்று வளைந்து எழும்பும்போது சிறு துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காற்றால் மட்டும் மழையளவு பொதுவாக 2 முதல் 10 சதவீதம் குறையும். மொட்டைமாடியை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வது இதனால்தான், அங்கே காற்றின் வேகம் அதிகம். மாடியைத் தவிர வேறு வழியில்லாதவரைச் சேர்த்தால் விளிம்பிலிருந்து விலகி நடுவில் வைக்கச் சொல்லி, 'மாடி' என்று குறியிட்டு, அந்த எண்ணைத் தரையில் இருப்பவற்றோடு ஒன்றாக எடைபோடாதீர்கள்.

தனிக் கம்பத்தில் பொருத்தினால் வாய் கம்பத்தின் உச்சியைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். கம்பத்தின் தலையை மானிக்கு எதிர்ப்புறமாகச் சரிவாகச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டையான தலையில் பட்ட துளி தெறித்து உள்ளே விழும். தரையிலிருந்து வாயின் உயரம் வலையமைப்பு முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். தரை சிமென்ட்டாக இருந்தால் தெறிக்கும் என்பதால் புல் அல்லது மண் உள்ள இடமே மேல். வாய் சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டத்தை அதன்மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். தோட்டத்துத் தெளிப்பான் எட்டும் தூரமா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் ஒவ்வொரு மாலையும் அங்கே மட்டும் 'மழை' பெய்யும்.

முடித்ததும் மானியின் படம் ஒன்று, மானி இருக்கும் இடத்தில் நின்று நான்கு திசையும் பார்த்து நான்கு படம். மூன்று ஆண்டு கழித்து மரம் வளர்ந்ததை நிரூபிக்க இவைதான் சாட்சி.

பயிற்சி: ஒரு குடமும் ஒன்றரை மணி நேரமும்

படக்காட்சி போட்டுப் பேசுவதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மிச்ச நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் பயிற்சி.

நான்கு அங்குல மானி என்றால் 8.1 மில்லிலிட்டர் ஒரு மில்லிமீட்டர். யாருக்கும் சொல்லாமல் 57 மில்லிலிட்டர் ஊற்றி எல்லோரையும் தனித்தனியாக வாசித்து எழுதச் சொல்லுங்கள். 7.0 வர வேண்டும். 7.4 எழுதியவர் குழாயின் ஓரத்தில் ஏறி நிற்கும் நீரைப் பார்த்திருப்பார். நீர்ப்பரப்பு நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தாலும் எண் மாறும்.

அடுத்து, 400 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். இது ஏறக்குறைய 49 மில்லிமீட்டர். சிறு குழாய் வழிந்துவிடும். வரிசை இதுதான்: முதலில் நிரம்பிய குழாயைக் கவனமாக எடுத்து 25.4 என்று எழுது, கொட்டு, வெளி உருளையில் உள்ளதைப் புனல் வழியாகக் குழாயில் ஊற்றி வாசித்து எழுது, எல்லாவற்றையும் கூட்டு. எழுதிய பிறகுதான் கொட்ட வேண்டும். முதல் பெருமழையன்று பதற்றத்தில் பாதியைத் தரையில் கொட்டிவிட்டு 'ஏறக்குறைய அறுபது இருக்கும்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு வாளிக்குள் வைத்துச் செய்தால் சிந்தியதும் வாளியிலேயே இருக்கும், எடை பார்த்து மீட்டுவிடலாம்.

இடி மின்னலின்போது மானி பக்கம் போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியட்டும். தாமதமான அளவு தவறில்லை, நேரத்தை உள்ளபடி எழுதினால் போதும். ஆலங்கட்டியும் பனியும் விழும் ஊர்களில், உருக்கி அளக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டுங்கள். உறைபனிக் காலத்தில் புனலையும் சிறு குழாயையும் எடுத்துவிட வேண்டும், தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும்.

அறிக்கை

நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் நாட்டு வானிலைத் துறை எந்த நேரத்தில் அளக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது காலை 8:30. அப்போதுதான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். அரை மணி முன்பின் பரவாயில்லை. ஆனால் ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் அளந்தால் அந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடவே முடியாது.

தேதிக் குழப்பம் எல்லா வலையமைப்பிலும் வரும். 14-ஆம் தேதி காலையில் அளந்தது 14-இன் கணக்கு, மழை 13-ஆம் தேதி மாலையில் பெய்திருந்தாலும். 'நேற்றுதானே பெய்தது' என்று சிலர் 13-இல் போடுவார்கள். அளந்த நாளின் தேதி என்ற ஒரே விதியை மானியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

செய்தி குட்டையாக இருக்கட்டும்: நிலைய எண், தேதி, நேரம், அளவு. '12, 14-10, 0830, 23.4'. எப்போதும் மில்லிமீட்டர், எப்போதும் ஒரு தசம இடம். '23' என்று மட்டும் வந்தால் அது 23.0-ஆ, 2.3-ஆ, சோம்பலா என்று தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் போட்டால் வாழ்த்துச் செய்திக்கு நடுவில் எண் தொலையும்; அளவுக்குத் தனி எண்ணோ படிவமோ வைத்து, குழுவை அரட்டைக்கு விடுங்கள். இணையம் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி, அல்லது ஒரு தவறிய அழைப்பு கொடுத்தால் நீங்கள் திரும்ப அழைத்து எண்ணைக் கேட்டுக்கொள்ளலாம். மாத இறுதியில் காகிதத் தாள் கட்டாயம், ஏனென்றால் கைபேசி தொலைகிறது.

நான்கு வகைப் பதிவுகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே.

0.0 என்றால் 'போய்ப் பார்த்தேன், மழை இல்லை'.

சுவடு என்றால் துளி விழுந்ததைப் பார்த்தேன், அளக்கும் அளவுக்கு இல்லை. பனித்துளி மழையாகாது, மழை இல்லாமல் மானியில் இருப்பது பனித்துளி மட்டுமென்றால் அது 0.0.

வெற்றிடம் என்றால் 'பார்க்கவில்லை, தெரியாது'.

பல நாள் மொத்தம் என்றால் 'மூன்று நாள் ஊரில் இல்லை, மூன்றும் சேர்ந்து 41.6'. இதை மூன்றால் வகுத்துப் பங்குபோடுவது பெருந்தவறு. முதல் இரண்டு நாளுக்கு 0.0 போட்டு மூன்றாம் நாளில் மொத்தத்தையும் கொட்டுவது அதைவிடப் பெரிய தவறு. பெய்யாத பெருமழை ஒன்று பதிவேட்டில் உருவாகிவிடும்.

பூஜ்யத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதன் காரணம் இங்கேதான். பெய்த நாளில் மட்டும் அனுப்புகிறவரின் தாளில் 20 நாள் வெறுமையாக இருக்கும். அதில் எத்தனை நாள் மழை இல்லை, எத்தனை நாள் ஆள் இல்லை? பிரிக்க வழி கிடையாது. அப்படியானால் மாத மொத்தம் கிடையாது, மழை நாட்கள் எண்ணிக்கை கிடையாது, வறட்சிக் கணக்கும் கிடையாது. மழை எங்கே நின்றது என்று எல்லைக்கோடு வரையவும் பக்கத்துக் கட்டத்தின் 0.0 வேண்டும்.

வெள்ள எச்சரிக்கையும் உங்கள் நோக்கமென்றால் காலை அளவோடு ஓர் அவசர அறிக்கையும் வையுங்கள். 'ஒரு மணி நேரத்தில் 25 தாண்டினால் உடனே' என்பது போன்ற ஓர் எல்லை போதும். இடையில் வாசிக்கலாம், கொட்டக் கூடாது; கொட்டினால் காலைக் கணக்கில் குறையும்.

எண்களைச் சரிபார்ப்பது

தினமும் ஒருவர் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். இந்த ஆளைத் தன்னார்வலர்களுக்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். பல முயற்சிகள் படுத்துப்போவது இந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான்.

பக்கத்து நிலையங்கள் 32.4, 28.0, 35.6 என்றிருக்க, ஒன்று மட்டும் 3.1 என்றால் தசமப் புள்ளி நகர்ந்திருக்கலாம், புனல் அடைத்திருக்கலாம், உண்மையாகவே அங்கே அவ்வளவுதான் பெய்திருக்கலாம். இடிமழையில் மூன்றாவதும் சாதாரணம், அதைப் பிடிக்கத்தான் இத்தனை பேரைச் சேர்த்தோம். எனவே நீங்களாகத் திருத்தாதீர்கள். அன்றே கேளுங்கள், நான்கு நாள் கழித்துக் கேட்டால் அவரும் ஊகித்துத்தான் சொல்வார். திருத்தினால் முதல் எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதிய எண், யார், எப்போது, ஏன் என்று எழுதுங்கள்.

ஒருவரின் பெரிய மழைகள் எல்லாம் மற்றவர்களுக்கு ஒரு நாள் தள்ளியே வந்தால் தேதிக் கோளாறு. எண்கள் எப்போதும் 5.0, 10.0, 15.0 என்று முடிந்தால் கண்மதிப்பு. ஊரே நனைந்த நாளில் ஒருவர் மட்டும் 0.0 என்றால் பார்க்காமல் அனுப்பியது, அல்லது அடைப்பு.

மெதுவாக வரும் பிழையைத் தினசரி பார்வை பிடிக்காது. அதற்கு ஓர் எளிய வரைபடம் உண்டு: ஒரு நிலையத்தின் கூட்டுத் தொகையை ஓர் அச்சிலும் சுற்றியுள்ள நான்கைந்தின் சராசரிக் கூட்டுத் தொகையை மற்ற அச்சிலும் போட்டு, மாதாமாதம் புள்ளி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏறக்குறைய நேர்கோடு. ஓரிடத்தில் கோடு வளைந்து அப்படியே போனால் அந்த மாதத்தில் ஏதோ மாறியிருக்கிறது: மரக்கிளை, புது மதில், சாய்ந்த கம்பம், மாற்றிய குழாய். பழைய படங்களோடு நேரில் போங்கள்.

விட்டுப் போகாமல் இருக்க

முதல் 30 நாள்தான் ஆபத்தான காலம். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் மூன்றாம் நாள் ஒரு அழைப்பு. கண்டிக்க வேண்டாம், 'மானி ஏதாவது தொந்தரவா?' என்று கேட்டால் போதும். பாதிப் பேருக்கு எறும்பு, பறவை எச்சம், இறுகிப்போன புனல் என்று ஏதோ ஒரு சில்லறைக் காரணம் இருக்கும்.

அனுப்பிய எண் அன்றே வரைபடத்தில் தெரிய வேண்டும். காலை அளவு முற்பகலுக்குள் எல்லோருக்கும் வரைபடமாகத் திரும்பிப் போனால், தன் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். நினைவூட்டல் செய்திகளைவிட அந்தச் சாம்பல் கட்டம் நன்றாக வேலை செய்யும். பாராட்டுவதாக இருந்தால் அதிக மழை அளந்தவரைப் பாராட்டாதீர்கள், அதில் அவர் செய்தது ஒன்றுமில்லை. விடுபடாமல் 100 நாள், 365 நாள் அனுப்பியவரைப் பாராட்டுங்கள்.

வரைபடத்தில் பெயரும் வீட்டு இடமும் அப்படியே வேண்டாம். பதிவேட்டில் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசம இடம்வரை வையுங்கள், அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். பொதுவில் இரண்டு இடம் போதும், ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாகிவிடும். 'வீட்டில் ஆள் இல்லை' என்ற குறிப்பையும் பொதுவில் காட்டாதீர்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே அறிவித்ததாகிவிடும்.

ஒருவர் நிறுத்தும்போது

நிறுத்துவார்கள். நல்லபடியாக அனுப்பிவைத்தால் அவர்களே அடுத்த ஆளைக் காட்டிவிட்டுப் போவார்கள். கடைசியாக அளந்த தேதியைப் பதிவேட்டில் எழுதி, மானியையும் காகிதத் தாள்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொடர முன்வந்தாலும், மானி இடம் மாறினால் அது புது நிலையம், புது எண். பழைய எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பத்து ஆண்டு கழித்துப் பார்க்கிறவர் இரண்டு முற்றத்து மழையை ஒரே முற்றத்தில் பெய்ததாக எடுத்துக்கொள்வார். முடிந்தால் பழைய மானியும் புதிய மானியும் ஒரு மழைப் பருவம் சேர்ந்தே ஓடட்டும். அந்த வாய்ப்பை விட்டுவிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதை அதன்பின் எப்போதும் அறிய முடியாது.